கண்புரை முதல் கண் தானம் வரை: வேலூர்ப் பக்கத்து முகாம்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் சுற்றுவட்டாரத்தில் கண் பரிசோதனை முகாம் நடக்கும்போது ஆள் சேர்ப்பது, சீட்டு எழுதுவது, எழுத்துப் பலகையைச் சுவரில் மாட்டி "ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் படிங்க" என்று சொல்வது இதெல்லாம் என் வேலை. நான் மருத்துவன் இல்லை. ஆனால் வரிசையில் நிற்பவர்கள் டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை எல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். ஊர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, கண் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றைப் பதிலாகத் தந்திருக்கிறேன்.

1. எங்க பாட்டிக்கு வெளிச்சம் தெரியுது, ஆள் நடமாட்டம் தெரியுது. அவங்களைப் போய் பார்வை இல்லாதவங்கன்னு எழுதுறீங்களே?

பார்வையிழப்பு என்றால் கும்மிருட்டு என்று நினைத்துக்கொள்கிறோம். கணக்கில் வரும் பலருக்கு ஏதோ கொஞ்சம் தெரியத்தான் செய்யும். மருத்துவக் கணக்கு 3/60. நல்ல கண் உள்ளவர் 60 மீட்டரிலிருந்து பார்க்கிற ஒன்றை, இவர் 3 மீட்டருக்குள் வந்தால்கூடப் பார்க்க முடியவில்லை என்றால் பார்வையிழப்பு. இரண்டு கண்ணில் எது தேவலையோ அந்தக் கண்ணை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். வீட்டிலேயே ஒரு தோராயமான சோதனை செய்யலாம். நல்ல வெளிச்சத்தில் 3 மீட்டர் தள்ளி நின்று விரலைக் காட்டுங்கள். எத்தனை விரல் என்று பாட்டி சொல்லவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

நம் நாட்டில் முன்பு இந்த எல்லை 6/60 ஆக இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவோடு ஒத்துப்போக 2017-இல் 3/60 என்று மாற்றினார்கள். பழைய சான்றிதழிலும் புதிய சான்றிதழிலும் வேறு வேறு மாதிரி எழுதியிருந்தால் இந்த மாற்றமும் ஒரு காரணமாக இருக்கலாம். பார்வை 6/18-ஐவிடக் குறைந்து, ஆனால் 3/60 வரை இறங்காமல் இருந்தால் அது குறைபார்வை. அதைப் பற்றி 17-ஆம் கேள்வியில்.

2. நம்ம பக்கம் பார்வை போறதுக்கு முக்கியக் காரணம் இன்னா சார்?

கண்புரை. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைக் கடந்தவர்களில் 1.99 சதவீதம் பேர் பார்வையிழந்தவர்கள் என்று தெரிந்தது. அவர்களில் 66.2 சதவீதம் பேருக்குக் காரணம் கண்புரைதான். அதாவது மூன்று பேரில் இரண்டு பேருக்கு ஓர் ஆபரேஷனில் பார்வை திரும்பக் கூடிய வாய்ப்பு இருந்தும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். மற்றவை கருவிழித் தழும்பு, கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய், விழித்திரை நோய்கள். முழுப் பார்வையிழப்பை மட்டும் எண்ணாமல், மங்கலாகத் தெரிபவர்களையும் சேர்த்தால், சரியான கண்ணாடி போடாதவர்கள் பெரிய கூட்டமாக வருவார்கள்.

பணக்கார நாடுகளிலும் வயதானவர்களுக்குப் புரை வரத்தான் செய்கிறது. அங்கே காலத்தில் எடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். உலகத்தில் குறைந்தது 220 கோடி பேருக்குப் பார்வைக் குறை இருப்பதாகவும், அதில் 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக் கூடியது அல்லது இன்னும் சரிசெய்யப்படாதது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. மருந்தே இல்லாத நோயால் வந்த கணக்கு அல்ல இது. பஸ் செலவு, கூட வர ஆள், அன்றைய கூலி, பயம் எல்லாம் சேர்ந்துதான் ஆளை வீட்டிலேயே உட்கார வைக்கின்றன. முகாமில் என்னிடம் வரும் கேள்விகளைப் பார்த்தாலே இது தெரியும்.

3. கண்புரைன்னா கண்ணு மேல வளர்ற சதைதானே? சுரண்டி எடுத்துட வேண்டியதுதானே?

இரண்டும் வேறு. மூக்குப் பக்கத்திலிருந்து வெள்ளைவிழி மேல் சிவப்பாக ஏறி வருவது சதை வளர்ச்சி. வெயிலிலும் தூசியிலும் வேலை செய்பவர்களுக்கு அதிகம் வரும். கண்புரை கண்ணுக்கு உள்ளே, பாப்பாவுக்கு (நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்துக்கு) பின்னால் இருக்கிற லென்ஸில் வருவது. முட்டையின் வெள்ளைக் கரு வெந்ததும் வெளுத்துப்போகிறதே, அதுபோலக் கண்ணாடியாக இருந்த லென்ஸ் மெல்ல மெல்ல வெளுத்துவிடுகிறது. மேலே எதுவும் வளராததால் சுரண்ட எதுவும் இல்லை. கெட்டுப்போன லென்ஸை எடுத்துவிட்டு அதே இடத்தில் செயற்கை லென்ஸ் வைப்பதுதான் ஆபரேஷன்.

4. சொட்டு மருந்து போட்டே புரையைக் கரைக்கலாம்னு சொல்றாங்களே?

கரையாது. வெந்தது பச்சையாகாது. அந்தப் பணத்தை ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவுக்குக் கொடுங்கள்.

5. புரை நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்னு பெரியவங்க சொல்றாங்களே?

பெரியவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் காலத்து ஆபரேஷனைச் சொல்கிறார்கள். அப்போது லென்ஸை அதன் உறையோடு முழுதாக வெளியே எடுத்துவிடுவார்கள். உள்ளே எதுவும் வைக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக சோடாபுட்டிக் கண்ணாடி. அதைப் போட்டால் எல்லாம் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும், ஓரத்தில் ஒன்றும் தெரியாது. கண்ணாடி உடைந்தால் மறுபடி குருட்டு நிலைதான். அதனால் வேறு வழியே இல்லை என்கிற வரை காத்திருப்பதில் ஒரு நியாயம் இருந்தது.

இப்போது கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கிறார்கள். ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த அந்த லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலை. 1992-இல் மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனம் தொடங்கி இங்கேயே செய்ய ஆரம்பித்த பிறகு விலை மளமளவென்று இறங்கியது. இன்று இலவச ஆபரேஷனிலும் லென்ஸ் வைப்பதுதான் வழக்கம். அன்றாட வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதா, எடுத்துவிடலாம்.

முற்ற விடுவதில் ஆபத்து வேறு உண்டு. அளவுக்கு மேல் முற்றிய புரை ஊதிப் பெருத்தோ கசிந்தோ கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும். திடீரென்று கண் சிவந்து, தாங்க முடியாத வலி, தலைவலி, வாந்தி என்று வந்து நிற்பார்கள். அப்போது ஆபரேஷன் செய்தாலும் போன பார்வை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

6. கத்திரி வெயில்ல ஆபரேஷன் பண்ணா கண்ணு சீழ் பிடிச்சுக்குமாமே?

சித்திரை, வைகாசியில் முகாம் வைத்தால் எங்களுக்கு ஆளே கிடைக்காது. வேலூர் வெயிலுக்குப் பயப்படுவது நியாயம்தான், ஆனால் கண்ணில் சீழ் பிடிப்பதற்குக் காரணம் வெயில் இல்லை, கிருமி. சுத்தமான தியேட்டரில் எந்த மாதத்திலும் செய்யலாம். பிறகு அழுக்குக் கையால் கண்ணைத் தொடாமல், சொன்ன நேரத்துக்குச் சொட்டு மருந்து விட்டால் போதும். கத்திரிக்காய், கருவாடு பத்தியமும் தேவையில்லை. தலைக்கு ஊற்றுவதை மட்டும் டாக்டர் சொல்கிற வரை தள்ளிப் போடுங்கள்.

7. எனக்கு ஒரு கண்ணு நல்லாத்தான் கீது. அது போதாதா?

போதும் என்றுதான் தோன்றும். ஆனால் பஸ் படி எவ்வளவு உயரம், வரப்பு எங்கே முடிகிறது, எதிரே வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் என்று கணிக்க இரண்டு கண்ணும் வேண்டும். புரை பெரும்பாலும் இரண்டு கண்ணிலும்தான் வரும், ஒன்றில் முந்தும், இன்னொன்றில் பிந்தும். "நல்ல" கண்ணும் மங்குகிற நாள் வரும்போது உங்களுக்கு வயது கூடியிருக்கும், சுகரோ இருதயக் கோளாறோ சேர்ந்திருக்கும். அப்போது ஆபரேஷனுக்கு முன் இன்னும் நாலு டெஸ்ட்.

இன்னொன்று. பார்க்காத அந்தக் கண்ணில் இருப்பது புரைதான் என்று உங்களுக்கு யார் சொன்னது? கிளாக்கோமாவாக இருந்தால் நல்ல கண்ணுக்கும் வருமுன் பிடிக்கலாம். 13-ஆம் கேள்வியைப் பாருங்கள்.

8. அப்பாவுக்குப் பண்ணியாச்சு. அம்மா வீட்டுலதானே இருக்காங்க, அவங்களுக்கு இன்னா அவசரம்?

எனக்குக் கோபம் வரும் கேள்வி இது ஒன்றுதான். உலகத்தில் பார்வையிழந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பெண்கள் அதிக வயது வாழ்வதும் ஒரு காரணம். ஆனால் சிகிச்சைக்கு அழைத்துப் போகப்படுவதில் அவர்கள் கடைசி என்பது இன்னொரு காரணம்.

குடியாத்தம் பக்கம் ஒரு முகாமில் ஓர் அம்மாவுக்குச் சீட்டு எழுதினேன். வயது கேட்டதற்கு, "ஓட்டு லிஸ்ட்ல இன்னா போட்டுக்கிறானோ அதையே எழுதிக்கப்பா" என்றார். இரண்டு கண்ணிலும் புரை வெள்ளையாக நின்றது. கூட வந்த மகன், "நல்லாத்தான் சார் சமைக்கிறாங்க, ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்றார். சீட்டு வாங்கக் கை நீட்டியபோது முன்கையில் வரிசையாகச் சூட்டுத் தழும்புகள், சில புதியவை. உப்பு எந்த டப்பா என்று நக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வாராம். எண்ணெய் காய்ந்ததா என்று பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பாராம். அரிசியில் கல் பொறுக்குவதை மட்டும் பேத்தியிடம் விட்டிருந்தார். மகன் இதையெல்லாம் முதல்முறையாகக் கேட்கிற மாதிரி நின்றார்.

வீட்டிலேயே இருப்பதால் அடுப்பு, கிணறு, படி எல்லாமே அவர்களுக்குத்தான். வெளியே போகாததால் அவர்களுக்குத் தெரியவில்லை என்பது நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அம்மாவிடம் "கண்ணு தெரியுதா" என்று கேட்காதீர்கள், "தெரியுது" என்றுதான் சொல்வார். 1-ஆம் பதிலில் சொன்ன விரல் சோதனையைச் செய்யுங்கள். கூட வர ஆள் இல்லை என்றால் முகாம் நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரே தெருவில் நாலு பேரைச் சேர்த்து ஒரு ஆளோடு அனுப்புவது எங்களுக்குப் பழகிய வேலை.

9. முகாம்னா ஸ்கூல் பெஞ்சுலயே படுக்க வச்சு ஆபரேஷன் பண்ணிடுவாங்களா?

ஒரு காலத்தில் அப்படித்தான். கண் முகாமுக்கு இந்த மாவட்டத்தில் பழைய வரலாறு உண்டு. டாக்டர் ஐடா ஸ்கடர் 1902-இல் வேலூரில் தொடங்கிய மேரி டேபர் ஷெல் மருத்துவமனைதான் இன்று ஆரணி சாலையில் இருக்கும் ஷெல் கண் மருத்துவமனை. 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) இருந்த கண் மருத்துவர் விக்டர் ராம்போ, நோயாளி வருவார் என்று காத்திருக்காமல் குழுவோடு கிராமங்களுக்கே போய் ஆபரேஷன் செய்தார். சாலை வசதியும் பஸ்ஸும் இல்லாத காலத்தில் அது இல்லாவிட்டால் பல பேருக்குப் பார்வையே கிடைத்திருக்காது.

இப்போது முகாமில் பரிசோதனை மட்டும்தான். தேர்வானவர்களை வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், தியேட்டரில் ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். தற்காலிக இடத்தில் செய்யும்போது ஒரு தப்பு நடந்தால் அன்றைக்குப் படுத்த எல்லோர் கண்ணிலும் கிருமி போய்விடும் என்பதால் வந்த மாற்றம் இது. யாராவது "இங்கேயே முடிச்சிடலாம்" என்றால் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

10. இலவசம்னா மட்டமான லென்ஸ்தானே வைப்பாங்க?

மத்திய அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976-இல் தொடங்கியது. இலவச ஆபரேஷனுக்கான செலவு பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வருகிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகவும் போகலாம், முகாம் வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

காசு கொடுத்தால் மடங்கும் லென்ஸ், மெஷினால் கரைத்து எடுக்கும் முறை, இன்னும் சிறிய வெட்டு எல்லாம் கிடைக்கும், சீக்கிரம் வேலைக்குப் போகலாம். இலவசத்தில் பெரும்பாலும் தையல் போடாத சிறு வெட்டு முறை. கெட்டியாக முற்றிய புரைக்கு இதுவே நல்ல முறை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். பார்வையில் பெரிய வித்தியாசம் இருக்காது. லென்ஸின் விலையைவிட, செய்கிற கை, தியேட்டர் சுத்தம், பிறகு நீங்கள் மறுபரிசோதனைக்குப் போகிறீர்களா என்பவைதான் முக்கியம்.

11. ஆபரேஷன் பண்ண கண்ணுல மறுபடி புரை வந்துடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

செயற்கை லென்ஸில் புரை வராது. ஆனால் அதைத் தாங்கி நிற்கிற பழைய உறையின் பின்பக்கம் சிலருக்குச் சில மாதமோ வருடமோ கழித்து மங்கும். லேசரால் அதில் ஒரு சின்னத் திறப்பு செய்தால் தெளிந்துவிடும். கத்தி இல்லை, படுக்க வேண்டாம், உட்கார்ந்தபடியே முடிந்துவிடும். பலர் இது தெரியாமல் "நமக்கு வாய்ச்சது அவ்வளவுதான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆபரேஷன் ஆன சில நாட்களுக்குள் வலி, சிவப்பு, பார்வை குறைவு என்று வந்தால் அது வேறு கதை. அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். 2-ஆம் பதிலில் சொன்ன தேசியக் கணக்கெடுப்பில், ஆபரேஷனுக்குப் பின் வரும் சிக்கல்களும் பார்வையிழப்புக்கான காரணங்களில் ஒன்றாக இருக்கின்றன. எத்தனை ஆபரேஷன் நடந்தது என்று மேடையில் வாசிக்கிறோம். அதில் எத்தனை பேருக்குப் பார்வை நன்றாக வந்தது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

12. சுகர் இருந்தா கண் ஆபரேஷன் பண்ண மாட்டாங்களாமே?

சுகர் கட்டுப்பாட்டுக்கு வந்ததும் பண்ணுவார்கள். அதைவிட முக்கியமான விஷயம், சுகர் விழித்திரையின் ரத்தக் குழாய்களையே கெடுக்கும். வலிக்காது, சிவக்காது, ரொம்ப நாள் வரை பார்வையும் நன்றாகவே இருக்கும். ஒருநாள் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து கறுப்புத் திரை விழுந்த பிறகுதான் ஓடி வருவார்கள். லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் இருக்கும் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றிக் கொடுக்கும். போனதைத் திருப்பித் தருவது கடினம்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்லதுதான். ஆனால் மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டதாலேயே கண்ணைப் பார்த்தாகிவிட்டது என்று ஆகாது. வருடத்துக்கு ஒருமுறை மருந்து விட்டு, பாப்பாவை விரித்து, விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கு மட்டும் வண்டி ஓட்ட முடியாது, கூட ஒருவர் வர வேண்டும்.

13. பார்வை நல்லாத்தான் இருக்கு. ஆனா கிளாக்கோமான்னு சொல்லி ஆயுசு முழுக்க மருந்து விடச் சொல்றாங்க. எதுக்கு?

கிளாக்கோமாவில் கண்ணின் அழுத்தம் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. முதலில் ஓரப் பார்வை போகும். நேராகப் பார்ப்பது கடைசி வரை இருப்பதால் எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிடுவார்கள். என் வேலையிலேயே இருக்கிற ஓட்டை இது: நான் நடத்தும் சோதனையில் கிளாக்கோமா தப்பித்துவிடும். அழுத்தம் அளந்து, உள்ளே நரம்பைப் பார்த்தால்தான் தெரியும்.

1990களில் வேலூர் நகரத்தில் 30 முதல் 60 வயது வரையுள்ளவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதில் கண்ணின் வடிகால் கோணம் அடைபட்டு வரும் கிளாக்கோமா வகை 4.32 சதவீதமும், கோணம் திறந்தே இருக்கும் வகை 0.41 சதவீதமும் இருந்தன. வெளிநாட்டுப் புத்தகங்களில் அதிகம் பேசப்படும் வகை இங்கே குறைவு, அடைபடும் வகைதான் அதிகம். கோணம் அடைபடும் என்று முன்கூட்டியே தெரிந்தால் லேசரால் ஒரு சின்னத் துளை போட்டு வைக்கலாம்.

சொட்டு மருந்து பார்வையைக் கூட்டாது, இருப்பதைக் காக்கும். "ஒரு பாட்டில் தீர்ந்துச்சு, ஒண்ணும் முன்னேற்றம் இல்லை" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். உங்களுக்கு இருந்தால் உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லோரும் போய்ப் பார்க்க வேண்டும்.

14. நெல் அடிக்கும்போது கண்ணுல உமி பட்டுது. தாய்ப்பால் விட்டோம், மெடிக்கல்ல மருந்து வாங்கிப் போட்டோம். இப்போ வெள்ளையா பூ விழுந்துட்டுது. ஏன்?

உமி, கரும்புச் சோகை, முள் எது கீறினாலும் கருவிழியில் கண்ணுக்குத் தெரியாத காயம் ஆகும். நம் பக்கத்து வயல்காட்டில் அந்தக் காயத்தில் புகுவது பல நேரம் பூஞ்சை. தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எல்லாம் கிருமிக்குச் சாப்பாடு போடுகிற வேலை. அதைவிட மோசம் மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. போட்ட அன்று சிவப்பும் உறுத்தலும் குறையும், "நல்ல மருந்து" என்று பக்கத்து வீட்டுக்கும் கொடுப்பார்கள். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் பரவிக்கொண்டிருக்கும்.

பூஞ்சைக்கு என்று தனி மருந்து இருக்கிறது, நட்டாமைசின். புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு ஆரம்பிப்பார்கள். வாரக்கணக்கில் விட வேண்டியிருக்கும். புண் ஆறினாலும் தழும்பு நின்றால் அதுதான் நீங்கள் சொல்கிற பூ. கண்ணில் ஏதாவது பட்டு மறுநாளும் வலியோ கூச்சமோ இருந்தால் நேராகக் கண் டாக்டர், நடுவில் யாரும் வேண்டாம். கதிர் அடிக்கும்போது ஒரு சாதாரணக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஊரார் சிரித்தால் சிரிக்கட்டும்.

சுண்ணாம்பு பட்டால் மட்டும் முறை வேறு. வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் அழுத்த, அது கண்ணில் பீய்ச்சும். ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், சுத்தமான தண்ணீரை அரை மணி நேரம் வரை ஊற்றிக் கழுவுங்கள். இமைக்குள் கட்டி ஒட்டியிருந்தால் அதையும் எடுக்க வேண்டும். கழுவிய பிறகுதான் ஆஸ்பத்திரி.

15. குழந்தைக்கு எல்லாம் கண் டெஸ்ட் எதுக்கு? மாலைக்கண் எல்லாம் அந்தக் காலத்து நோயாச்சே.

குறைந்திருக்கிறது, அதற்குக் காரணமே வைட்டமின் ஏ சொட்டு மருந்துதான். 9 மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசியோடு 1 லட்சம் யூனிட், பிறகு 16-18 மாதத்திலிருந்து 6 மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட், 5 வயது வரை மொத்தம் 9 தவணை. முதல் இரண்டோடு பலர் விட்டுவிடுகிறார்கள். கீரையும் பப்பாளியும் கொடுங்கள், அதற்காகச் சொட்டு மருந்தை விடாதீர்கள்.

இப்போது அதிகரித்து வருவது வேறு. குறைமாதக் குழந்தைகளை இன்று காப்பாற்றிவிடுகிறோம், ஆனால் அவர்களுடைய விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். குழந்தை சிரிக்கிறது, பால் குடிக்கிறது என்று இரண்டு மாதம் கழித்துப் போனால் தாமதமாகிவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் போர்டு தெரியவில்லை என்றால் கண்ணாடி போடுங்கள். கண்ணாடி போடுவதால் பவர் ஏறாது. பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் மாப்பிள்ளை கிடைக்காது என்று இன்னும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும் மாப்பிள்ளை கிடைக்காமல் போனதே நல்லது.

16. சாளேஸ்வரம் எல்லாம் ஒரு வியாதியா? ஊசி கோக்க முடியலன்னா புள்ளைங்க கோத்துத் தருவாங்க.

வியாதி இல்லை, நாற்பது தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்குவது எல்லோருக்கும் வருவது. ஆனால் நம் பக்கத்து வேலைகளைப் பாருங்கள்: ஆம்பூரில் ஷூ தைப்பது, குடியாத்தத்தில் லுங்கி நெசவும் பீடியும், ஆரணியில் பட்டு. எல்லாமே கிட்டத்தில் பார்ப்பதை நம்பிய கூலி. அசாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயது கடந்த 751 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி பெற்றவர்கள் பறித்த தேயிலை, பெறாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இலை பறிக்கவே இப்படி என்றால் பாவு நூலைக் கட்டுகிறவருக்கு எப்படி இருக்கும்?

பஸ் ஸ்டாண்டில் விற்கும் ரெடிமேட் கண்ணாடி இதற்குப் போதும், கண்ணைக் கெடுக்காது. ஒரேயொரு முறை கண்ணை முழுதாகப் பரிசோதித்துவிட்டு வாங்குங்கள்.

17. இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்போ அவ்வளவுதானா?

மருந்தாலும் கத்தியாலும் முடியாது என்று அர்த்தம். மிச்சம் இருக்கும் பார்வையை வைத்து நிறையச் செய்யலாம். அதற்கென்றே குறைபார்வைப் பிரிவுகள் பெரிய கண் மருத்துவமனைகளில் இருக்கின்றன. உருப்பெருக்கி, தூரத்தைப் பார்க்கச் சின்னத் தொலைநோக்கி, மேஜை விளக்கின் இடம், படியின் விளிம்பில் மஞ்சள் பட்டை, வெள்ளைத் தட்டில் சோறு போடாமல் நிறத் தட்டில் போடுவது என்று ஆரம்பிப்பார்கள். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற வசதி திரையில் இருப்பதைத் தமிழிலேயே படித்துக் காட்டும். கணினியில் அதே வேலையைச் செய்யும் என்விடிஏ என்ற மென்பொருள் இலவசம்.

பார்வை குறைந்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதற்கு முன் இவற்றை எல்லாம் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். பெரியவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: வெள்ளைக் கோல் வாங்கிக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் கண்ணும் போய் காலும் போச்சு என்றாகிவிடும்.

18. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கண்ணு சுத்தமா போயிட்டுது. சர்டிபிகேட் தர மாட்டேங்கிறாங்க. இது நியாயமா?

இதுதான் எல்லோரையும் குழப்புவது. 1-ஆம் பதிலில் சொன்ன மாதிரி, தேவலையான கண்ணை வைத்துத்தான் கணக்கு. ஒரு கண் முழுதாகப் போய், மற்றது கண்ணாடியோடு 6/18 அல்லது அதைவிட நன்றாக இருந்தால் 30 சதவீத ஊனம் என்று எழுதுவார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். அதனால் சான்றிதழ் கேட்டால் கிடைக்கலாம், அதை வைத்துச் சலுகை கிடைப்பது கஷ்டம். நியாயமா என்று என்னைக் கேட்டால், தையல்காரருக்கும் லாரி டிரைவருக்கும் ஒற்றைக் கண் என்பது வேலையையே மாற்றிவிடும் விஷயம், சட்டம் அதைப் பார்ப்பதில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். எழுத்துப் பலகையில் நன்றாகப் படித்தாலும், பார்வை வட்டம் சுருங்கியிருந்தால் அதையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது. 10 டிகிரிக்குள் சுருங்கினால் பார்வையிழப்பு, 40-க்குள் என்றால் குறைபார்வை. கிளாக்கோமா உள்ளவர்கள் ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

19. என் கண்ணு ஒண்ணை எடுத்து என் பையனுக்கு வச்சிடுங்க சார்.

பெற்றவர்கள் கேட்காத முகாம் இல்லை. உயிரோடு இருப்பவரின் கண்ணை எடுக்க மாட்டார்கள். அது மட்டுமல்ல, முழுக் கண்ணை மாற்றிப் பார்வை தருகிற சிகிச்சை இன்றுவரை இல்லை. மாற்ற முடிவது முன்னால் இருக்கும் கருவிழி மட்டும். 14-ஆம் கேள்வியில் வந்த தழும்பு போன்றவற்றுக்கு அது பயன்படும். பையனுக்குக் கோளாறு விழித்திரையிலோ நரம்பிலோ இருந்தால் கருவிழி மாற்றிப் பயனில்லை. எந்த இடத்தில் கோளாறு என்பதை முதலில் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

20. கண்ணைத் தானம் பண்ணா அடுத்த ஜென்மத்துல குருடா பொறப்பாங்களாமே? அப்புறம் எங்கப்பா புரை ஆபரேஷன் பண்ணவர், சுகர் வேற. அவர் கண்ணு யாருக்கு ஆகும்?

அடுத்த ஜென்மத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இந்த ஜென்மத்தில் கண்ணாடி போட்டவர், சுகர் உள்ளவர், புரை ஆபரேஷன் ஆனவர் எல்லோரும் கொடுக்கலாம். புரை லென்ஸில், தானம் கருவிழியில். எய்ட்ஸ், மஞ்சள் காமாலை வைரஸ் தொற்று, வெறிநாய்க்கடி போன்றவற்றால் இறந்தவர்களிடம் மட்டும் எடுப்பதில்லை. முகம் கோரமாகிவிடும் என்று பயப்பட வேண்டாம், எடுத்த பிறகு இமையை மூடிவிடுவார்கள், பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ஆகவே சாவு வீட்டில் யாராவது ஒருவர் நிதானமாக இருந்து உடனே கண் வங்கிக்குப் போன் செய்ய வேண்டும். அதுவரை இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குக் கீழே தலையணை கொடுத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அப்பா முன்பே பதிவு செய்திருக்கவில்லை என்றாலும் வீட்டார் சம்மதித்தால் போதும். பதிவு அட்டை பீரோவில் இருந்தும் வீட்டில் யாரும் போன் செய்யாததால் வீணாகப் போனவையும் நிறைய. பதிவு செய்கிறவர் முதலில் மகனிடமும் மருமகளிடமும் சொல்லி வையுங்கள்.